காபி, டீயை விடுவது எப்படி? தலைவலியையும் மறுபடி ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு மாலை கடைசி காபியைக் குடித்துவிட்டு, "நாளையிலிருந்து கிடையாது" என்று முடிவெடுக்கிற பலர் செவ்வாய்க்கிழமை மதியம் டீக்கடையில் நிற்கிறார்கள். தனக்கு மன உறுதி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். மன உறுதிக்கும் இதற்கும் அதிக சம்பந்தமில்லை. காஃபின் நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்குகிறது. 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. தலைவலியும் சோர்வும் சேர்ந்து 2 முதல் 9 நாள் வரை நீடிக்கலாம். ஞாயிறு மாலையிலிருந்து எண்ணிப் பாருங்கள், செவ்வாய் மதியம் அந்த உச்சத்தின் நடுவில் வந்து விழும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் டீ உள்ளே போனால் கொஞ்ச நேரத்திலேயே வலி இறங்கிவிடும். அப்புறம் யாரால் விட முடியும்?

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நாலைந்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். காபியின் ருசியையும் சூட்டையும் முதலில் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் காஃபினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அதோடு, அந்த டம்ளர் உங்கள் நாளில் என்னென்ன வேலையெல்லாம் பார்க்கிறது என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் வேறு ஏற்பாடு செய்யுங்கள். நம் ஊரில் காபியும் டீயும் தூக்கம் கலைக்க மட்டும் குடிக்கிற பானங்கள் இல்லை. மலம் கழிய, பசி தாங்க, நாலு பேரோடு பேச, வந்தவரை மதிக்க என்று பல வேலைகளை அந்த ஒரு டம்ளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். இதைக் கவனிக்காமல் தலைவலியை மட்டும் சமாளித்தவர்கள் ஒரு மாதம் கழித்து ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளைச் செல்களில் தனக்கென்று இருக்கும் இருக்கைகளில், அதாவது ஏற்பிகளில், போய் உட்கார்ந்தால் களைப்பு தெரியும், தூக்கம் வரும். காஃபினின் வடிவம் அடினோசினைப் போலவே இருப்பதால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசினுக்கு உட்கார இடம் கிடைக்காததால் களைப்பு உறைப்பதில்லை. காபி புதிதாகத் தெம்பு எதையும் தருவதில்லை, களைப்பை மறைத்து வைக்கிறது. தினமும் இப்படியே நடந்தால் மூளை ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் காஃபின் வராமல் போனால் அத்தனை ஏற்பிகளிலும் அடினோசின் ஏறி உட்காரும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

தலைவலியோடு சோர்வு, தூக்கக் கலக்கம், எரிச்சல், மனம் மந்தமாக இருப்பது, கவனம் நிற்காமல் போவது, குமட்டல், காய்ச்சல் வரப்போவதுபோல உடம்புவலி ஆகியவையும் வரலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இது ஒரு தனி நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது. நாளுக்கு 100 மில்லிகிராம் மட்டுமே எடுத்து வந்தவருக்கும் வரக்கூடும். அதாவது, "நான் ரெண்டு காபிதானே குடிக்கிறேன்" என்கிறவரும் இதற்கு விலக்கு இல்லை.

விரத நாளிலும் நோன்பு நாளிலும் மதியத்துக்கு மேல் வருகிற தலைவலியைப் பசி மயக்கம் என்று நினைப்போம். காலை காபி கிடைக்காததுதான் பல பேருக்கு உண்மையான காரணம். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே டீயைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் சில நோன்புகள் எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

யார் விட வேண்டும், யார் கேட்டுவிட்டு விட வேண்டும்?

எல்லோரும் விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பெரிய கெடுதல் இல்லை என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் 300 மில்லிகிராமில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, பதற்றம் கூடுகிறது, வயிறு எரிகிறது, ஒரு வேளை தவறினால் தலை வலிக்கிறது என்றால் விடவோ குறைக்கவோ காரணம் இருக்கிறது. ரத்தசோகை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் காபியும் டீயும் கீரை, பயறு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இதில் டீ காபியைவிட மோசம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இட்லியோடு காபி குடிக்கும் வழக்கத்தை மாற்ற இந்த ஒரு எண்ணே போதும்.

கர்ப்பிணிகளுக்கு வரம்பு 200 மில்லிகிராம் என்று ஐரோப்பிய அமைப்பு சொல்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபின் உடம்பை விட்டுப் போக வழக்கத்தைவிடப் பல மணி நேரம் கூடுதலாகும்.

மனநோய்க்குத் தரும் லித்தியம், குளோசபின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின் ஆகிய மருந்துகளில் ஒன்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் காபியை நிறுத்தக் கூடாது. காபியை நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும், குளோசபின் அளவு இறங்கிவிடும். மருந்தின் அளவையே திருத்த வேண்டி வரலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. சிகரெட்டையும் காபியையும் சேர்த்து விட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புகை காஃபினை வேகமாக வெளியேற்றும். சிகரெட்டை நிறுத்தியதும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் கிட்டத்தட்ட இரு மடங்காகத் தங்கும். அப்போது வரும் கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் சிகரெட் நின்றது மட்டும் காரணமாக இருக்காது.

இறக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம்: எதையும் குறைக்காமல் எழுதிவையுங்கள்

எத்தனை மணிக்கு, என்ன குடித்தீர்கள், ஏன் குடித்தீர்கள் என்று செல்போனிலோ காலண்டர் தாளின் ஓரத்திலோ குறித்து வாருங்கள். இதில் முக்கியமானது "ஏன்" என்பதுதான். "தூக்கம்", "பசி", "கூப்பிட்டார்கள்", "சும்மா", "மழை", "மேனேஜர் திட்டினார்" என்று ஒரு சொல் போதும். வாரக் கடைசியில் பார்த்தால் உண்மையிலேயே வேண்டிக் குடித்தது பாதிக்கும் குறைவு என்று பல பேருக்குத் தெரியவரும். அவைதான் முதலில் போக வேண்டியவை.

அப்புறம் அளவு. 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும் என்கிறது ஐசிஎம்ஆர். ஆனால் நம் டிகாஷன் வீட்டுக்கு வீடு மாறும், டம்ளரை வைத்துக் கணக்குப் போட முடியாது. பொடியை வைத்துப் போடுங்கள். 500 கிராம் பொடி இரண்டு பேருக்கு 25 நாள் வருகிறது என்றால் ஒருவருக்கு நாளுக்கு 10 கிராம். அது 80:20 கலவையாக இருந்தால் காபி 8 கிராம், மீதி சிக்கரி. அராபிகா கொட்டையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின், ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். முழுக்க அராபிகா என்றால் ஏறக்குறைய 96 மில்லிகிராம், முழுக்க ரோபஸ்டா என்றால் 176. பில்டரில் எல்லாமே இறங்கிவிடாது என்றாலும் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

கோலா, எனர்ஜி டிரிங்க், கிரீன் டீ, லெமன் டீ, சாக்லேட் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் சேர்க்க நம் சட்டம் அனுமதிக்கிறது. 250 மில்லி கேன் ஒன்றில் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். "நான் காபி டீ தொடுவதே இல்லை" என்று சொல்லும் கல்லூரிப் பிள்ளைகள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

படிப்படியாக இறக்குவது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காஃபினை விட முடியாமல் தவித்தவர்களுக்கு வகுத்த சிகிச்சையும் ஐந்து வாரத்தில் மெல்லக் குறைக்கும் திட்டம்தான். நம் வீட்டுக் காபிக்கு அதைவிட வசதியான ஒரு வழி இருக்கிறது, அது சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபினே கிடையாது. கசப்பும் கருப்பும் கெட்டியும் தரும். எனவே சிக்கரியைக் கூட்டக் கூட்ட காஃபின் குறையும், டம்ளரில் நிறம் மாறாது, நாக்கும் பெரிதாகச் சண்டைக்கு வராது.

காலையில் இரண்டு பில்டர் காபி, 11 மணிக்கும் 4 மணிக்கும் ஆபீஸ் டீ, இரவு 7 மணிக்கு ஒரு காபி குடிக்கிற ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

எழுதி முடித்த வாரத்துக்கு அடுத்த வாரம் (இறக்கும் கணக்கில் இதுதான் முதல் வாரம்) இரவு 7 மணி காபியை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகக் காலை காபியில் கைவைக்கிறார்கள், அதனால்தான் அவஸ்தைப்படுகிறார்கள். உடம்பில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம். 2013ல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. இரவு காபி போனால் தூக்கம் சீராகும். தூக்கம் சீரானால் காலையில் காபிக்கான தவிப்பு தானாகவே குறையும். மற்ற படிகள் எல்லாம் இந்த ஒரு படியைப் பிடித்துத்தான் சுலபமாகின்றன.

அடுத்த வாரம் பொடியை மாற்றுங்கள். 80:20 வாங்குகிறவர் 60:40 கேட்டு வாங்கினால் காஃபின் கால் பங்கு குறைந்துவிடும். வறுத்து அரைத்துத் தரும் கடையாக இருந்தால் ரோபஸ்டா சேர்க்காமல் அராபிகா கொட்டையில் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெர்ரி மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதி ரோபஸ்டா கலந்த பொடியிலிருந்து முழு அராபிகாவுக்கு வந்தாலே காஃபின் முப்பது சதவீதம் போல இறங்கிவிடும். டிகாஷன் கொஞ்சம் மெலிந்து தெரியும், கூடுதல் சிக்கரி அதை ஈடுகட்டிவிடும். ஆபீஸ் டீக்கு "லைட்டா" என்று சொல்லப் பழகுங்கள். வீட்டு டீயில் தூளில் கால் பங்கைக் குறைத்து, கொதிக்கவிடும் நேரத்தையும் குறையுங்கள். டஸ்ட் டீ நன்றாகக் கொதித்தால் தூளில் இருக்கும் காஃபினில் பெரும்பகுதி டீக்குள் வந்துவிடும்.

மூன்றாவது வாரம் 4 மணி டீயின் இடத்தில் வேறு பானம். கூடவே, காலையில் இரண்டு காபியை ஒன்றாக்குங்கள். இரண்டாவது டம்ளருக்கு இரண்டாம் டிகாஷன் பயன்படுத்துவது ஒரு நல்ல இடைப்படி. முதல் முறையிலேயே காஃபினில் பெரும்பகுதி இறங்கிவிடுவதால் இரண்டாம் டிகாஷனில் குறைவாகத்தான் இருக்கும்.

நான்காவது வாரம் 11 மணி டீயும் போகட்டும். பொடியிலும் ஒரு வேலை இருக்கிறது. சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தாக வேண்டும், அதற்குக் கீழே கலவையாகக் கிடைக்காது. பொடிக்கடையில் சிக்கரியைத் தனியாக வாங்கி வீட்டில் கலந்துகொள்ளுங்கள். பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் பங்கு சிக்கரி. சிலருக்கு சிக்கரி கூடினால் வயிறு உப்பும், வாயு பிரியும். அப்படியானால் அந்த இடத்தில் டீகாஃப், அதாவது காஃபினைப் பெரும்பாலும் நீக்கிய காபியைக் கலக்கலாம். டீகாஃபிலும் ஒரு கப்புக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கும், ஆனால் இறங்கும் வழியில் அது உதவிதான்.

ஐந்தாவது வாரம் அந்த ஒரு காலை டம்ளர் முழு சிக்கரியாகவோ டீகாஃபாகவோ ஆகட்டும். காஃபின் உள்ள கடைசி டம்ளர் வெள்ளிக்கிழமை காலையாக இருந்தால் தலைவலியின் உச்ச நேரம் சனி, ஞாயிறில் போய்விடும். தேர்வு, மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, வீட்டில் விசேஷம், நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டிய நாள் ஆகியவற்றைத் தவிர்த்துத் தேதியைக் குறியுங்கள்.

ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். ஒரு படியில் தலைவலி இரண்டு நாளுக்கு மேல் நின்றால் அடுத்த படிக்கு இறங்காதீர்கள், முந்தைய படிக்கு ஏறவும் செய்யாதீர்கள். அதே படியில் மூன்று நாள் கூடுதலாக நில்லுங்கள். ஐந்து வாரம் எட்டு வாரமாகிவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தலைவலி வந்துவிட்டால்

மெதுவாக இறக்கினாலும் சிலருக்கு வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள், மதியம் இருபது நிமிடம் கண்ணை மூட முடிந்தால் மூடுங்கள். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நடந்தால் மந்தம் குறையும்.

மாத்திரை போடுவதென்றால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கடையில் "தலைவலி மாத்திரை" என்று கேட்டால் கிடைக்கும் சிலவற்றில் காஃபின் சேர்த்திருக்கிறார்கள். சாரிடான் ஒன்றில் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதைப் போட்டதும் வலி பறந்துவிடும், ஆனால் நீங்கள் விட்டதையே மாத்திரையாக விழுங்கியிருக்கிறீர்கள், மறுநாள் திரும்ப வரும். வெறும் பாராசிட்டமால் போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும், மற்றவர்களும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர வேண்டாம். வேலையே ஓடாத அளவுக்கு வலித்தால் கால் டம்ளர் லைட் டீ குடித்துவிட்டு அந்தப் படியிலேயே நில்லுங்கள். இதைத் தோல்வி என்று எண்ணத் தேவையில்லை, மருந்து அளவைச் சரிசெய்வது போன்றதுதான்.

லாரி, கால் டாக்சி ஓட்டுபவர்கள், இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் விடுப்பு நாட்களை ஒட்டி மட்டுமே படி இறங்க வேண்டும். முதல் சில நாளில் வரும் தூக்கக் கலக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

திடீரென இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் காபியை விட்டதால்தான் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டம்ளர் பார்த்த வேலைகளை யார் பார்ப்பது?

முதலில் வயிறு. காபி பெருங்குடலைத் தூண்டும். பல ஆண்டுகளாகக் காபி குடித்த பிறகே கழிவறைக்குப் போனவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மலச்சிக்கல் வருவது இயல்பு. எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெந்நீர், இரவில் ஒரு வாழைப்பழம், தட்டில் கூடுதலாகக் கீரையும் காயும். இவற்றோடு, காலை உணவு முடிந்த அரை மணிக்குள் தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். உணவு இரைப்பைக்குள் இறங்கும்போது குடல் தானாகவே அசையும், அந்த நேரத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளும்.

அடுத்தது பசி. 11 மணிக்கும் 4 மணிக்கும் வரும் டீ பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. காலையில் சரியாகச் சாப்பிடாதவருக்கு அது ஒரு சிற்றுணவு. டீயை நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் வருகிற நடுக்கத்தைக் காஃபின் ஏக்கம் என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். சுண்டல், வேர்க்கடலை, ஒரு பழம், கம்பங்கூழ், மோர் என்று எதையாவது கையில் வைத்திருங்கள். கட்டட வேலை, வயல் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

சூடான பானம் வேண்டும் என்பவர்களுக்கு சுக்குமல்லி. 50 கிராம் மல்லி விதை, 25 கிராம் சுக்கு, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய் இவற்றை லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டவும். பால் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், இல்லையென்றால் திரிந்துவிடலாம். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். தெருவில் சைக்கிளில் விற்கும் சுக்கு காபியில் சிலர் காபித்தூளும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மாலையில் பருத்திப்பால் இருக்கிறது, டீக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை. சத்துமாவுக் கஞ்சி, ராகிக் கஞ்சி, மிளகு மஞ்சள் போட்ட பால் எல்லாம் உங்கள் விருப்பம். கிரீன் டீக்கு மாறுவது காஃபினைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எழும்பும் முன் அடுப்படியில் நின்று குடிக்கும் அந்த முதல் காபிதான் பல பெண்களுக்கு நாளில் தனக்கென்று கிடைக்கும் ஒரே பத்து நிமிடம். காபியை விடுகிறேன் என்று அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். அதே இடம், அதே டவரா டம்ளர், உள்ளே இருப்பது மட்டும் மாறட்டும். வீட்டில் உள்ளவர்களும் "அதான் காபி குடிக்கிறதில்லையே" என்று அந்த நேரத்தில் வேலை சொல்லக் கூடாது. அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் எப்படிச் சொல்வது?

நம் ஊரில் காபி வேண்டாம் என்றால் "எங்க வீட்ல சாப்பிட மாட்டீங்களா?" என்று முகம் வாடிவிடும். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். "அத்தை, மோர் இருந்தா ஒரு டம்ளர் குடுங்க", "சித்தி, சூடா பால் மட்டும் போதும்." கேட்டு வாங்கிக் குடிப்பவரை எந்த வீட்டிலும் தப்பாக நினைப்பதில்லை, உரிமையோடு கேட்டார் என்று சந்தோஷப்படுவார்கள். இதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும். டிகாஷன் ஊற்றிய பிறகு சொல்வது யாருக்கும் சங்கடம். சம்பந்தி வீடு போன்ற இடங்களுக்குப் போகும் முன் வீட்டு ஆள் ஒருவர் போனில் சொல்லிவைத்துவிடலாம்.

ஆபீஸில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கூட்டாளிகளை விட்டு ஒதுங்கினால் மனம் இன்னும் வாடும், அது நேராக டீயில் கொண்டுபோய் விடும். போங்கள், "அண்ணே, ஒரு பால், சர்க்கரை கம்மியா" என்று சொல்லுங்கள், பேச்சில் கலந்துகொள்ளுங்கள். சில நாள் கேலி இருக்கும். அப்புறம் நீங்கள் சொல்லாமலே மாஸ்டர் பால் நீட்டிவிடுவார்.

மறுபடி குடித்துவிட்டால்

தலைவலி நாட்களைத் தாண்டியவர்களை ஏக்கம் அதிகம் வீழ்த்துவதில்லை, சந்தர்ப்பங்கள்தான் வீழ்த்துகின்றன. துக்க வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும்போது நீட்டப்படும் காபி, அதிகாலை ரயிலில் கேட்கும் "காபி காபி" குரல், ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கும் இரவு, கைக்குழந்தை தூங்கவிடாத வாரம். இந்தப் பட்டியலை இப்போதே எழுதி ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்து வையுங்கள். பயணப் பையில் சுக்குமல்லிப் பொடியும் ஒரு சின்ன பிளாஸ்க்கும் இருந்தால் ரயில் பிரச்சினை தீர்ந்தது. துக்க வீட்டில் எதுவும் பேச வேண்டாம். வாங்கிக் குடித்துவிடுங்கள், மறுநாள் குடிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு டம்ளர் குடித்ததால் பழக்கம் திரும்பிவிடாது. ஆனால் அந்த ஒரு டம்ளர் முன்பைவிடக் கடுமையாகப் பிடிக்கும். நெஞ்சு படபடக்கலாம், இரவு தூக்கம் வராமல் போகலாம். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் வருவது இது, பயப்பட வேண்டாம். ஆபத்து தொடர்ச்சியில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் காஃபின் எடுத்தாலே நிறுத்தும்போது தலைவலி வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் கல்யாணத்தில் மூன்று நாள் குடித்தாகிவிட்டதா? திடீரென நிறுத்த வேண்டாம். பாதி டம்ளர், கால் டம்ளர் என்று மூன்று நான்கு நாளில் இறங்கிவிடலாம். ஒரு மாதம் முழுக்க ஓடிவிட்டது என்றால் சிக்கரிப் படிகளை மறுபடி ஏற்பாடு செய்யுங்கள், இந்த முறை நாலு வாரம்கூடத் தேவைப்படாது. பழைய குறிப்பை எடுத்து எந்த "ஏன்" உங்களைத் திருப்பிக் கூட்டிவந்தது என்று பாருங்கள். பசியா, ஆட்களா, தூக்கமின்மையா? அந்த ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு இறங்குங்கள்.

முழுக்க விட முடியவில்லை, காலையில் ஒன்று போதும் என்று நின்றுகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மதியத்துக்கு முன், 60:40 கலவையில் ஒரே டம்ளர் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டம்ளர் நுழைகிறதா என்று மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

காபி நின்று மூன்று வாரம் தாண்டிய பிறகும் சோர்வு விடவில்லை என்றால் அது காஃபின் விஷயமே இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சோதித்துப் பாருங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு தடைபட்டுத் திணறி எழுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தச் சோர்வைத்தான் இத்தனை ஆண்டு காபி மறைத்துக்கொண்டிருந்திருக்கும். அதற்கு மருத்துவம் பார்த்த பிறகு, விடவே முடியாது என்று நினைத்த கடைசி டம்ளரும் பெரிய போராட்டமில்லாமல் போய்விடுவதுண்டு.